ஊர் ஏக்கம் பிடித்த கிட்டார்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் டன்னிங் பே பவுல்ஸ் கிளப்பின் கார் நிறுத்துமிடம் நிரம்பிவிட்டது. கிளப் திறப்பது பதினொரு மணிக்கு. இந்த ஊரில் பியருக்காகக்கூட யாரும் இரண்டு மணிநேரம் முன்னால் வந்து நின்றதில்லை. வந்தவர்கள் பியருக்கு வரவில்லை. ஒவ்வொருவர் தோளிலும் ஒரு நீளமான கறுப்பு உறை, உறைக்குள் ஒரு பேஸ் கிட்டார். மொத்தம் அறுபத்தோரு பேர். சிட்னிக்காரர்கள், கான்பெர்ராக்காரர்கள், மெல்பர்னிலிருந்து ஒன்பது மணிநேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பல் டாக்டர்.

பேஸ் வாசிப்பவரைப் பார்க்க உலகத்தில் எவரும் வரிசையில் நின்றதில்லை. பாடுகிறவருக்கு நிற்பார்கள். பேஸ்காரர் மேடையின் இருட்டான மூலையில் நின்று நாலு தடித்த கம்பிகளைத் தட்டுவார். கச்சேரி முடிந்ததும் ஒயரைச் சுருட்டுவார். அப்படிப்பட்ட ஜீவன்கள் இன்று தாங்களே வரிசையில் நின்றார்கள், குதிரை ஏற்றிப்போகும் ஒரு இழுவண்டிக்கு முன்னால். வண்டிக்குள் குதிரை இல்லை. லைசாண்டர் மோக் இருந்தார்.

கிளெனிஸ் வாசலில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவள் முறை. கடற்கரையில் தூண்டில், இரை விற்கும் கடை வைத்திருப்பவள். ஞாயிறு மதியம் இதே கிளப்பில் டிரம்ஸ் வாசிப்பாள். ஐம்பத்திரண்டு வயது. எதையும் எளிதில் நம்பமாட்டாள் என்று ஊரில் ஒரு கெட்ட பெயர் அவளுக்கு உண்டு.

"இன்னிக்கி எத்தனை கிலோ சாசேஜ்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் கிளப் தலைவர் புரூனோ கட்டால்டி.

"பன்னெண்டு. போன வருஷம் பூரா வித்தது இவ்வளவு இருக்குமா?"

"அதான் சொல்றேன். அந்த ஆள் நல்லவரோ கெட்டவரோ, அவர் வந்தப்புறம்தான் கூரைக்கு ஓடு மாத்த முடிஞ்சுது. நீ வாயைத் தொறக்காத கிளெனிஸ்."

"சாசேஜைத் திருப்புறதுக்கு வாய் எதுக்கு?"

இந்தக் கூட்டத்துக்கு வந்த நோய் இதுதான். சில பேஸ் கிட்டார்களுக்குக் கழுத்து நீளம், தலை கனம், உடல் லேசு. வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கையை விட்டால் தலை தரையைப் பார்த்துச் சரியும். வாசிப்பவர் இடது கையால் கம்பியையும் அழுத்த வேண்டும், கழுத்தையும் தாங்க வேண்டும். மூன்று மணிநேரக் கச்சேரி என்றால் மூன்று மணிநேரமும் ஒரு குடிகாரனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போவது மாதிரி. ஒரு பக்கம் எடை அதிகம், அவ்வளவுதான் காரணம். ஆனால் இது இனாமாகக் கிடைக்கிற காரணம். அதற்கு மரியாதை கிடையாது.

லைசாண்டர் மோக் கண்டுபிடித்த காரணம் அறுநூற்று எண்பது டாலர்.

கழுத்து மேப்பிள் மரம். மேப்பிள் கனடாவில் வளர்ந்தது. அதை வெட்டி ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இங்கே நின்று பார்த்தால் அதன் சொந்த ஊர் எங்கே? காலுக்கு அடியில், பூமிக்கு அந்தப் பக்கம். ஆகவே மரம் தலையைக் கவிழ்த்துத் தன் ஊரைத் தேடுகிறது. அது கனமில்லை, ஊர் ஏக்கம்.

முதல் கூட்டத்தில் இதைக் கேட்டு நாலு பேர் அழுதார்கள். அதில் ஒருவர் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர். அவர் அழுததற்காவது காரணம் உண்டு.

வைத்தியம் இப்படி நடக்கும். லைசாண்டர் வெறுங்காலோடு வெளியே வருவார். வெள்ளைத் துணிச்சட்டை, வெள்ளைத் தாடி. சுருதி பார்க்கும் இரும்புக் கவையைக் கிட்டாரின் கழுத்தில் வைத்துக் கண்ணை மூடுவார். "அழுவுது," என்பார். கிட்டாரை வாங்கிக்கொண்டு வண்டிக்குள் போய்க் கதவைத் தாழிடுவார். நாற்பது நிமிடம் ஊதுபத்திப் புகை வரும். உள்ளே 'டொக், டொக்' என்று மெல்லத் தட்டுகிற சத்தம் கேட்கும். "வேரைத் தட்டி எழுப்புறாரு," என்று வெளியே இருப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பிறகு கிட்டார் வரும். தோளில் மாட்டி, கையை விட்டால் நிற்கும், தராசு முள் மாதிரி நேராக. கூட்டம் வாய் பிளக்கும். ஒரு ஞாயிற்றில் பத்துக் கிட்டார்தான் முடியும்; மிச்சப் பேர் அடுத்த வாரம் வருவார்கள், குணமானவர்களும் கிட்டாரோடு வேடிக்கை பார்க்க வருவார்கள்.

நிபந்தனைகள் உண்டு. கிட்டாரின் முதுகில் ஒயர்களை மூடும் பலகை இருக்கிறதல்லவா, அதன் விளிம்பில் தேன்மெழுகால் முத்திரை வைத்திருப்பார். ஒரு வருஷம் அதைத் திறக்கக் கூடாது. திறந்தால் மரத்தின் துக்கம் வாசிப்பவர் கையில் இரட்டிப்பாக ஏறும். முதுகில் அப்படிப் பலகை இல்லாத கிட்டார்களை அவர் தொடவே மாட்டார். "இந்த மரம் மன்னிக்கத் தயாரா இல்ல," என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏன் மன்னிக்காத மரங்களுக்கெல்லாம் முதுகில் மூடி இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. மன்னிப்பு கிடைக்காதவர்கள் வெட்கத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

ஒருமுறை கனடாவிலிருந்து ஊர்சுற்ற வந்த ஒரு பெண் கேட்டுவிட்டாள்: "எங்க ஊர்லயும் என் தம்பி பேஸ் கவுறுதே? அது ஊர்லதானே இருக்கு?"

லைசாண்டர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அம்மா, ஊர்ல இருந்துக்கிட்டே ஊரை இழந்தவங்க எத்தனை பேர் தெரியுமா?"

கூட்டம் கை தட்டியது. அந்தப் பெண் சாசேஜ் வாங்கித் தின்றுவிட்டுப் பேருந்து ஏறினாள்.

அன்று வரிசையில் முன்னால் நின்றவர் ஃபெர்கஸ். கான்பெர்ராவில் பாலம் கட்டும் பொறியாளர். கிளெனிஸ் அவருக்கு ரொட்டியில் சாசேஜை வைத்துக் கொடுத்தாள்.

"நீங்க பாலம் கட்டுறப்ப ஒரு பக்கம் தாழ்ந்துதுன்னா என்ன பண்ணுவீங்க?"

"கணக்குப் போட்டு மறுபக்கம் எடை ஏத்துவோம்."

"அது ஊர் ஏக்கமா இருக்காதா?"

"அது கான்கிரீட்டுங்க. இது உயிருள்ளது," என்றார் ஃபெர்கஸ். வெங்காயம் கூடுதலாகக் கேட்டார்.

கிளெனிஸுக்கு இந்தக் கூத்து வெறும் வேடிக்கையாக இருந்திருக்கும், டெர்மட் மட்டும் இல்லையென்றால்.

டெர்மட் அவள் தம்பி. அவளோடு ஞாயிறு மதியம் பேஸ் வாசிப்பவன். மற்ற நாட்களில் மீனவர் கூட்டுறவுக் கிடங்கில் மீன் அறுப்பவன். இடது கையால் மீனைப் பிடிக்க வேண்டும், வலது கையால் கத்தியை இழுக்க வேண்டும். ஒரு வருஷமாக அவன் இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருந்தன. பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பார்க்க ஐந்து மாதம் காத்திருந்து தேதி வாங்கியிருந்தான். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. தவறவிட்டால் மறுபடி வரிசையின் வாலில் நிற்க வேண்டும்.

மூன்று வாரம் முன்னால் லைசாண்டர் அவன் பேஸைக் குணப்படுத்தினார்.

திங்கட்கிழமை கிளெனிஸின் கடைக்கு லைசாண்டரே வந்தார். கறுப்புக் கண்ணாடி, தொப்பி. காலில் செருப்புகூட இருந்தது. ஞாயிறு மட்டும்தான் அவர் பூமியை நேரடியாகத் தொடுவார் போலும்.

"ஈயக்குண்டு இருக்கா? எட்டு அவுன்ஸ்."

"இருக்கு. எத்தனை?"

"நூத்தம்பது."

கிளெனிஸ் தலையை நிமிர்த்தினாள். எட்டு அவுன்ஸ் குண்டு ஆழ்கடல் மீனுக்குப் போடுவது. மீன்பிடி சீசனிலேயே மொத்தக் கடைக்கும் அவ்வளவு போகாது.

"படகு வெச்சிருக்கீங்களா?"

"சிவ சிவா... ஐயோ, நான் மீனைத் தொடுறதே இல்ல. பாலு, முட்டை, தேன்கூட எடுத்துக்கறதில்ல. மீன்பிடிக் கயித்தைப் பாத்தாலே எனக்கு நெஞ்சு வலிக்கும்."

"அப்ப குண்டு?"

"வண்டியில திரைச்சீலை. காத்துல பறக்குது. அடியில வெச்சுத் தைக்கணும்."

"நூத்தம்பதா?"

"நெறைய காத்து," என்றார் லைசாண்டர். பணத்தை எண்ணாமல் வைத்துவிட்டு, இரண்டு தடவையாகப் பெட்டிகளைச் சுமந்து போனார். தேன்கூட எடுத்துக்கொள்ளாதவர், தேன்மெழுகில் முத்திரை குத்துகிறார். அதையும் யாரும் கேட்டதில்லை.

கிளெனிஸ் விற்ற குண்டுகள் அவளே காய்ச்சி வார்ப்பவை. அச்சைச் செய்தவர் வாரிக், அவள் கணவர். அச்சின் அடியில் ஒரு நண்டைச் செதுக்கியிருந்தார். செதுக்கத் தெரியாது. எட்டுக்கால் பூச்சி மாதிரிதான் வந்தது. ஆனால் அவர்கள் கடைக் குண்டு ஒவ்வொன்றின் அடியிலும் அந்தப் பூச்சி இருக்கும்.

வாரிக் இப்போது இல்லை. வயிற்றுவலி வந்தபோது நாலு மாதம் டாக்டரிடம் போகாமல் ஒருவர் கொடுத்த காந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாவது மாதம் டாக்டர் தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை மதியம் டெர்மட் கடைக்கு வந்தான். கல்லாப் பலகையில் இடது கையை ஊன்றி நின்று பேசினான். கையை எடுத்தபோது பலகையில் ரத்தம்.

"டேய், கை."

"என்ன?"

"கையைப் பாரு."

டெர்மட் பார்த்தான். சுண்டு விரலின் பக்கவாட்டில் ஒரு அங்குல நீளத்துக்கு வெட்டு. ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. அவன் முகத்தில் வலி இல்லை. யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"எப்ப வெட்டிக்கிட்ட?"

"தெரியல. காலையில இருக்கும்."

"காலையில வெட்டுனது மத்தியானம் வரைக்கும் தெரியலையா? டேய், அது உன் விரலுடா."

"கத்தாத கிளென். மணிக்கட்டு வலி போயிருச்சு, தெரியுமா? மூணு வாரமா வலியே இல்ல. கழுத்து கவுறல. லைசாண்டர் சொல்றாரு, துக்கம் எறங்குறப்ப கடைசியா விரல் நுனியிலதான் தங்குமாம். இன்னும் கொஞ்ச நாள்."

"மணிக்கட்டு வலி போனது கழுத்தை நீ தாங்காததால. மரத்துப்போனது வேற. இப்ப பேஸ் கனமா இல்ல?"

"கனம்தான். அவருகிட்ட கேட்டேன். துக்கம் போனா மரம் தன்னோட முழு எடையில வந்து உட்காருமாம்."

"அதுக்குள்ள ஈயத்தை வெச்சு அடிச்சிருக்கான்டா அந்த ஆளு. என் கடை ஈயம். முதுகைத் தொறந்து பாரு, ஒரு நிமிஷ வேலை."

டெர்மட் மற்ற கையால் அடிபட்ட கையைப் பொத்திக்கொண்டான்.

"தொறந்தா இரட்டிப்பா ஏறும்."

"என்ன ஏறும்?"

"விளையாடாத. உனக்கு எதுலயும் நம்பிக்கை கெடையாது. வாரிக் போனதுலேர்ந்து உனக்கு எல்லாரும் திருடன்."

கிளெனிஸ் கல்லாவின் அடியில் குனிந்தாள். துணியை எடுத்து விரலில் சுற்றினாள். இறுக்கிக் கட்டினாள். அவன் முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"செவ்வாய்க்கிழமை டாக்டருகிட்ட போற."

"திங்கக்கிழமை போன் பண்ணி வேணாம்னு சொல்லிரலாம்னு இருக்கேன். கத்தி வெச்சா மரத்தோட பேச்சு முறிஞ்சிருமாம். லைசாண்டர் சொன்னாரு."

ஆக, அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

டன்னிங் பே ஜனங்கள் ஏமாளிகள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களைப் போல சந்தேகப் பிராணிகள் இந்தக் கடற்கரையிலேயே கிடையாது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஸ்னாப்பர் மீன்பிடிப் போட்டி நடக்கும். அதிக எடை மீனுக்குப் பரிசு ஒரு படகு எஞ்சின். ஒரு வருஷம் முதல் பரிசு வாங்கிய மீனை அறுத்தபோது உள்ளே பதினோரு ஈயக்குண்டு இருந்தது. வென்றவருக்கு மூக்கு உடைந்தது. அன்றிலிருந்து படகுத் துறையில் எடை பார்க்கும்போது ஒவ்வொரு மீனின் வயிற்றையும் விரலால் அழுத்தித் தடவிவிட்டுத்தான் தராசு முள்ளைப் படிப்பார்கள். பாதிரியார் பிடித்த மீனானாலும் தடவுவார்கள். எடை எழுதிய சீட்டில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதினாலு வருஷமாக எடை அதிகாரி கிளெனிஸ்தான்.

இவ்வளவு உஷாரான ஊர். பெற்ற தகப்பன் பிடித்த மீனின் வயிற்றை நம்பாது. இழுவண்டியிலிருந்து கனத்து வந்த கிட்டாரின் வயிற்றை மட்டும் கும்பிட்டது.

சனிக்கிழமை மதியம் கிளெனிஸ் கிளப்புக்குப் போனாள். மதுக்கூடத்துச் சுவரில் ஒரு பழைய பேஸ் தொங்கியது. கிளப்பில் இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்து நடத்தும் சீட்டுக் குலுக்கலில் என்றோ மீந்துபோன பரிசு. லேசான உடல், பெரிய தலை. எவர் மாட்டினாலும் முக்காலடி கவிழும். முதுகில் மூடி இருந்தது.

"இதை எனக்குக் கொடு புரூனோ."

"எதுக்கு?"

"நாளைக்கி லைசாண்டருகிட்ட வைத்தியம் பாக்க."

புரூனோ நெஞ்சில் கை வைத்தார். "நீயா? திருந்திட்டியா?"

"என்கூட துறைக்கு வா. பேனா எடுத்துக்க."

துறையில் எடைத் தராசின் கொக்கியில் பேஸை மாட்டினாள். மூன்று கிலோ தொள்ளாயிரம். சீட்டில் எழுதினாள். புரூனோ ஒரு கையெழுத்து, பனிக்கட்டி விற்க வந்தவர் ஒரு கையெழுத்து. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டாள்.

அப்போதுதான் புரூனோவுக்குப் புரிந்தது. "கிளெனிஸ்," என்றார், "கூரைக்கு இன்னும் பாதி ஓடு பாக்கி."

"மழை பெஞ்சா நனைவோம்."

"அந்த ஆள் ஈயம் வைக்காமக் கொடுத்துட்டான்னா?"

"அப்ப கழுத்து கவுறும். கவுந்தா வைத்தியம் பொய். கவுறலைன்னா எடை ஏறியிருக்கும். எதுன்னு அவரே முடிவு பண்ணட்டும்."

ஞாயிறு. எழுபது பேருக்கு மேல் கூட்டம். கிளெனிஸ் தன் பேஸோடு வரிசையில் போய் நின்றதும் ஒரு சலசலப்பு ஓடியது. டெர்மட் ஓடிவந்தான். விரலில் அவள் கட்டிய கட்டு அழுக்காகியிருந்தது.

"நெஜமாவா கிளென்?"

"பாக்கலாம்."

"எனக்குத் தெரியும். நீயும் ஒரு நாள் வருவேன்னு தெரியும்." அவன் கண் கலங்கியது. அவளால் அவனைப் பார்க்க முடியவில்லை.

லைசாண்டர் கவையைத் தட்டி பேஸின் கழுத்தில் வைத்தார். நெடுநேரம் கேட்டார். "ரொம்ப வருஷமா சுவத்துல தனியாத் தொங்கியிருக்கு. பாவம்." கிளப்புக்கு வந்த அத்தனை பேரும் பார்த்த சுவர்தான் அது. ஆனாலும் கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது. அவர் உள்ளே போனார். புகை வந்தது. டொக், டொக்.

நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. லைசாண்டர் பேஸைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு படியில் நின்றார். இரண்டு கையையும் மெல்ல விரித்தார். பேஸ் அசையவில்லை. கை தட்டல் கடல் வரை கேட்டது.

கிளெனிஸ் முன்னால் போனாள்.

"ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம். உள்ள ஏதாச்சும் வெச்சீங்களா?"

"அன்பை வெச்சேன்மா."

"வேற எதுவும் இல்லையே?"

"ஆணிகூட இல்ல."

"அன்பு எவ்வளவு எடை இருக்கும்?"

கூட்டம் சிரித்தது. லைசாண்டரும் சிரித்தார். "அன்புக்கு ஏது எடை? ஒரு கிராம் ஏறியிருந்தா நான் இந்த வண்டியை எரிச்சுட்டுப் போயிடுறேன்."

"அதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்," என்றாள் கிளெனிஸ்.

சாசேஜ் அடுப்புக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய ஏதோ ஒன்று நின்றது. அவள் பாயை இழுத்தாள். துறையின் எடைத் தராசு. உள்ளூர்க்காரர்கள் சட்டென்று அமைதியானார்கள். அந்தத் தராசுக்கு முன்னால் சத்தம் போடும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

பேஸைக் கொக்கியில் மாட்டினாள். முள் போய் நின்றது.

"புரூனோ, படி."

புரூனோ கூரையை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தார். "நாலு கிலோ அறுநூறு."

"நேத்திக்குச் சீட்டு?"

"மூணு தொள்ளாயிரம். என் கையெழுத்துதான்."

"எழுநூறு கிராம்," என்றாள் கிளெனிஸ்.

லைசாண்டரின் தாடி ஒரு கணம் ஆடாமல் நின்றது. அவ்வளவுதான். அடுத்த கணம் அவர் கைகளை வானத்தை நோக்கித் தூக்கினார். "பாத்தீங்களா, அன்பு உள்ளங்களே! மகிழ்ச்சிக்கு எடை உண்டுன்னு இன்னிக்கித்தான் உலகத்துக்கே நிரூபணமாச்சு!"

சொன்னால் நம்பமாட்டீர்கள், பாதிக் கூட்டம் கை தட்டியது. மெல்பர்ன் பல் டாக்டர் விசிலடித்தார்.

"அப்ப அந்த மகிழ்ச்சியைத் தொறந்து பாத்துரலாம்," என்று கிளெனிஸ் மேல்சட்டையிலிருந்து திருப்புளியை எடுத்தாள்.

"வேணாம்!" கூட்டத்தைப் பிளந்துகொண்டு டெர்மட் வந்தான். "கிளென், வேணாம். உன் கைக்கு ஏறிரும். நீ டிரம்ஸ் வாசிக்கணும்."

"என் கைதானே. ஏறட்டும்."

அவள் மெழுகைக் கீறினாள். லைசாண்டர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் உண்மையாகவே பிரார்த்தனை செய்த முதல் தடவையாக அது இருக்கலாம். நாலு திருகு. மூடி வந்தது. உள்ளே கம்பளித் துணியில் பொதிந்து ஏதோ இருந்தது. துணியை உதறினாள். மூன்று ஈயத் துண்டுகள் சிமென்ட் தரையில் விழுந்தன. சுத்தியலால் தட்டித் தட்டி அப்பளமாக்கிய குண்டுகள்.

ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். நசுங்கியிருந்தாலும் அந்தப் பூச்சிக்கு இன்னும் எட்டுக் கால் இருந்தது.

"இது யாரு போட்ட நண்டுன்னு உள்ளூர்க்காரங்களுக்குத் தெரியும். மூணு குண்டு, கொஞ்சம் கம்பளி. எழுநூறு கிராம் மகிழ்ச்சி. என் கடையில பன்னெண்டு டாலர்."

இப்போதுதான் உள்ளூர்க்காரர்களுக்கு ரோஷம் வந்தது. அறுநூற்று எண்பது டாலர் போனதற்கு இல்லை. வயிற்றில் ஈயம்! ஈஸ்டர் மீனில் செய்த அதே வேலை! பதினாலு வருஷம் எந்த மீனும் ஏமாற்ற முடியாத ஊரை ஒரு கிட்டார் ஏமாற்றியிருக்கிறது. வைத்தியம் பார்த்துக்கொண்ட எல்லாரும் தத்தம் உறையைத் திறந்தார்கள். திருப்புளி கிடைக்காதவர்கள் சாவியால் கிளறினார்கள். கார் நிறுத்துமிடம் முழுவதும் தொப், தொப் என்று ஈயம் விழுந்தது.

"அது சும்மா ஈயம் இல்ல," என்று லைசாண்டர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "அது துக்கத்தைக் கடத்துற ஊடகம்..."

"வண்டியை எரிக்கிறேன்னு சொன்னீங்களே," என்றார் ஸ்காட்லாந்துக்காரர். "நெருப்பு வேணுமா? அடுப்பு சூடாத்தான் இருக்கு."

லைசாண்டர் வண்டியை எரிக்கவில்லை, காரில் பூட்டி ஓட்டினார். ஒரு பக்கம் மிச்ச ஈயப் பெட்டிகளின் கனத்தில் வண்டி சாய்ந்தபடியே போனது. எந்த ஊரை ஏங்கியதோ தெரியவில்லை. நெடுஞ்சாலைத் திருப்பத்தில் போலீஸ்காரர் ஒருவர் அதற்காகவே அதை நிறுத்தினார். மீதியை, பின்னால் துரத்திப் போனவர்கள் அவரிடம் சொன்னார்கள்.

ஃபெர்கஸ் தன் பேஸிலிருந்து எடுத்த மூன்று துண்டுகளையும் கையில் குலுக்கிக்கொண்டு நின்றார். "சாதாரண நெம்புகோல் கணக்கு. எனக்கு அப்பவே ஒரு மாதிரி தோணுச்சு."

"எப்ப? வெங்காயம் கேட்டப்பவா?" என்றாள் கிளெனிஸ்.

அவர் கனைத்தார். பிறகு மெதுவாக, "அப்ப இது கவுறுறதுக்கு என்னதான் பண்றது?"

"வழுக்காத தோல்ல அகலமா ஒரு வார் வாங்குங்க. தலையில இருக்கிற திருகெல்லாம் கனம், லேசானது மாத்துங்க. வார் மாட்டுற குமிழைக் கொஞ்சம் தள்ளி அடிங்க. அப்பவும் சரியா வரலைன்னா வேற பேஸ் வாங்குங்க. மரத்துக்கு வருத்தம் ஒண்ணும் இருக்காது."

டெர்மட் மட்டும் தன் பேஸைத் திறக்கவில்லை. புல்வெளி ஓரத்துப் பெஞ்சில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிளெனிஸ் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திருப்புளியை நடுவில் வைத்தாள்.

கடைசியில் அவன் அதை எடுத்தான். இடது கையால் மூடியைப் பிடிக்கப் பார்த்தான். விரல்களுக்குள் அது நிற்கவில்லை. நழுவியது. அவளே பிடித்துக்கொண்டாள். அவன் திருகினான். உள்ளே மூன்று நண்டுகள்.

"வாரிக் நண்டு," என்றான் டெர்மட். "எவ்வளவு கேவலமாச் செதுக்கியிருக்காரு."

"ஆமா."

அவன் ஈயத்தை இடது உள்ளங்கையில் வைத்து மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

"சுண்டு விரலுக்குத் தெரியல, கிளென். சில்லுனு இருக்கா, சூடா இருக்கா, ஒண்ணும் தெரியல." அவன் குரல் தாழ்ந்தது. "அப்ப இது போகவே இல்ல. மூணு வாரமா சும்மா இருந்திருக்கேன்."

"செவ்வாய்க்கிழமை பத்தரை. ஏழு மணிக்கு நான் காரோட வாசல்ல நிப்பேன்."

"கடை?"

"மீனெல்லாம் ஒரு நாள் பொழைச்சுப் போகட்டும்."

செவ்வாய்க்கிழமை டாக்டர் அவன் விரல் நுனிகளை ஊசியால் தொட்டுக்கொண்டே போனார். மோதிர விரலில் பாதி வரை வந்தபோது டெர்மட், "ஆ," என்றான். அந்த ஒரு சத்தத்துக்காக கிளெனிஸ் நூற்றறுபது கிலோமீட்டர் ஓட்டி வந்திருந்தாள். முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது, கை மடக்கியே கனத்தைத் தாங்கியதில் வந்தது என்றார் டாக்டர். சின்ன அறுவை சிகிச்சை. மோதிர விரல் திரும்பிவிடும். சுண்டு விரல் பாதி திரும்பலாம். இன்னும் ஆறு மாதம் தள்ளியிருந்தால் இந்தப் பேச்சே இருந்திருக்காது.

பவுல்ஸ் கிளப்பில் இப்போது கூட்டம் இல்லை. மழை பெய்தால் பாதிக் கூரை ஒழுகுகிறது. ஆனால் போன ஞாயிறு மெல்பர்ன் பல் டாக்டர் மறுபடி வந்தார். தன் பேஸில் இருந்த மூன்று ஈயத் துண்டுகளையும் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். "ஏதோ ஒரு சக்தி இருக்கத்தான் செய்யுது," என்றார். அவருக்கும் கிளெனிஸ் ஒரு சாசேஜ் கொடுத்தாள். வேறு என்ன செய்வது?

மீனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இருந்தும் அதன் வயிற்றை அழுத்திப் பார்க்காமல் நாம் விடுவதில்லை. பொய் சொல்லத் தெரிந்த பிராணி ஒன்றுதான். அதற்கு முன்னால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். கையை அவிழ்த்து, தொட்டுப் பாருங்கள், விரலில் உணர்வு இருக்கும்போதே.